மூடுபனியில் ரோஸ்மேரி உலர்த்துவது பற்றி

வணக்கம். கோவையில் நன்றாக ஓடிய உங்கள் சோலார் டிரையர் கோத்தகிரியில் ரோஸ்மேரி என்கிற வாசனை மூலிகையின் இலையைக் கறுக்கவிடுகிறது, டிரையரைப் பார்க்கிறவர்கள் பாராட்டிவிட்டு வாங்காமல் போகிறார்கள், மார்க்கெட்டிங் ஆள் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் காற்றைப் பாருங்கள். மூடுபனியில் ஈரப்பதம் கிட்டத்தட்ட 100 சதவீதம். அதே காற்றை 15 டிகிரியிலிருந்து 35க்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இலை காய அது போதும். சூடு 40ஐ ரொம்பத் தாண்டினால் வாசனை எண்ணெய் பறந்துவிடும், விலையே அதற்குத்தானே! ஆக, வெயில் இல்லாத நேரத்தில் 20 டிகிரி ஏற்றித்தர ஒரு சின்ன விறகு அடுப்பும், ஈரக்காற்றை வெளியே தள்ள ஒரு ஃபேனும் வேண்டும். புகை இலையில் படாமல், குழாய் வழியாகச் சூடு மட்டும் வரட்டும்.

அப்புறம், நீங்கள் அனுப்பிய படத்தில் டிரையர் பெட்டி ஒரே துண்டாக இருக்கிறது. சரிவுத் தோட்டத்தில் அதை யார் தூக்குவது? கழற்றித் தலைச்சுமையாகக் கொண்டுபோகிற மாதிரி செய்யுங்கள். மேல்தட்டு, இலை பரப்பும் பெண்களின் தோள் உயரத்தைத் தாண்ட வேண்டாம்.

அரை ஏக்கர்காரர் எதற்கு முழு மெஷின் வாங்க வேண்டும்? ஊருக்கு ஒன்று வைத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று உலர்த்திக் கொடுங்கள். அந்தக் கணக்கிலேயே விறகுச் செலவு தெரிந்துவிடும், அதை வைத்து அடுப்பின் அளவை மாற்றலாம். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. அக்டோபர், நவம்பரில் ஓட்டிப் பார்க்காமல் யாரிடமும் விலை பேசாதீர்கள். நீலகிரியிலேயே கூடலூர் பக்கம் என்றால் தென்மேற்குப் பருவமழை, அதனால் ஜூன், ஜூலையில் ஓட்டிப் பாருங்கள்.