குழந்தை விபத்தில் இறந்தால் பெற்றோர் மேல் வழக்கா? வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

மெட்ரோ தண்ணீர் பிடித்து வைத்திருந்த பேரலில் இரண்டு வயதுக் குழந்தை தலைகுப்புற விழுந்து இறந்துவிட்டது. ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள். நாங்கள் குற்றவாளிகளா? (காசிமேடு)

எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194 என்றிருந்தால் அது பழைய நடைமுறைச் சட்டத்தின் 174 தான். இயற்கைக்கு மாறான சாவு எதுவானாலும் இங்கே குற்ற எண் கொடுத்துத்தான் விசாரிப்பார்கள். அதில் குற்றவாளி என்று யார் பெயரும் இருக்காது. அக்கம்பக்கத்தார் இரண்டு பேராவது இருக்கப் பிரேத விசாரணை நடக்கும், பிறகு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் போஸ்ட்மார்ட்டம். மூச்சுத் திணறலைத் தவிர வேறு காயம் இல்லையென்றால் பெரும்பாலும் ‘மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என்று முடித்துவிடுவார்கள்.

பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 106(1) என்றிருந்தால் விஷயம் வேறு. அலட்சியத்தால் மரணம், 5 வருடம் வரை சிறை. 2024 ஜூலை 1-க்கு முன்பு இது பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ, அதிகபட்சம் 2 வருடம். ஆனாலும் ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். ஜாமீன் உங்கள் உரிமை.

கெடுவது பெரும்பாலும் முதல் நாளில்தான். பயத்தில் கேஷுவாலிட்டி டாக்டரிடம் ‘மாடிப்படியில் விழுந்தது’ என்பார்கள், ஸ்டேஷனில் பேரல் என்பார்கள். டாக்டர் எழுதிய ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) ஒன்று சொல்லும், எஃப்.ஐ.ஆர். இன்னொன்று சொல்லும். சந்தேகம் அங்கே பிறக்கிறது. போலீஸ் வருமுன் யாரோ நல்லெண்ணத்தில் பேரலைக் கவிழ்த்துத் தரையைக் கழுவிவிடுவதும் உண்டு. அதைத் தடயத்தை அழித்ததாக எழுதலாம். சொல்லாமல் அடக்கம் செய்துவிட்டால் பிறகு தோண்டி எடுக்கும் நிலை வரலாம்.

இன்னும் இரண்டு. பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். நீங்கள் கொடுக்கும் புகாரில் கையெழுத்து வேண்டும். விசாரணையில் சொல்வதை ரைட்டர் (ஸ்டேஷன் எழுத்தர்) எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் வேண்டாம்.

என் மகள் அடுப்படியில் இருந்தபோது பேரன் கொதிக்கிற ரசத்தை இழுத்துவிட்டுக்கொண்டான். பிழைக்கவில்லை. ‘உன் அலட்சியம்தான்’ என்று மாமியார் வீட்டில் கேஸ் போடச் சொல்கிறார்கள். (கொருக்குப்பேட்டை)

புகார் கொடுப்பதாலேயே குற்றம் ஆகிவிடாது. அலட்சியச் செயலின் நேரடி விளைவாகச் சாவு வந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் குர்பான் ஹுசைன் வழக்கில் சொன்னது. சிவில் நஷ்டஈட்டுக்குப் போதுமான கவனக்குறைவு கிரிமினல் வழக்குக்குப் போதாது, மிக மோசமான அலட்சியம் வேண்டும் என்றது 2005-ன் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. அது டாக்டர் சம்பந்தப்பட்ட வழக்கு என்றாலும் அடிப்படை இங்கேயும் பொருந்தும். அடுப்படியில் வேறு வேலையாகத் திரும்பிய நேரத்தில் குழந்தை கை நீட்டியது அந்த அளவைத் தொடாது.

அவர்கள் நேராக மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுத்தால், வழக்கை எடுத்துக்கொள்ளுமுன் உங்கள் மகள் தரப்பையும் கேட்டாக வேண்டும். பி.என்.எஸ்.எஸ். 223-ல் புதிதாக வந்த பாதுகாப்பு இது. நோட்டீஸ் வந்தால் அலட்சியம் செய்யாமல் வக்கீலோடு போகட்டும். 106-ஐ இரு தரப்பும் சமாதானமாகப் பேசி முடிக்க முடியாது. குடும்பத்தில் சமாதானம் ஆனாலும் உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528-ன் கீழ் ரத்து கேட்டுத்தான் போக வேண்டும். கோபத்தில் புகார் கொடுப்பவர்களுக்கு இதை யாராவது முன்பே சொன்னால் தேவலை.

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் மேலேயே வழக்குப் போடுவது நியாயமா? (திருவொற்றியூர்)

துக்கம் சட்டப்படி குற்றத்துக்கு எதிர்வாதம் ஆகாது. தண்டனையின் அளவைப் பேசும்போதுதான் கணக்கில் வரும். ஆபத்து கண்ணுக்குத் தெரிந்ததா, முன்பே யாராவது எச்சரித்தார்களா, தெரிந்தும் துணிந்தார்களா என்று பார்க்க வேண்டும். குடித்துவிட்டு பைக்கில் குழந்தையை முன்னால் உட்கார வைத்து ஓட்டிய அப்பா மேல் வழக்கு வரத்தான் வேண்டும். அவர் அழுவதால் அது இல்லாமல் போகாது.

விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகும் அம்மா, பத்து வயது மூத்த பெண்ணிடம் கைக்குழந்தையை விட்டுப் போகிறாள். வேறு ஆள் இல்லை. அங்கே அசம்பாவிதம் நடந்தால், ‘வேண்டுமென்றே புறக்கணித்தல்’ என்று சிறார் நீதிச் சட்டம் 75-ஐப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிரிவில் உள்ள ‘வேண்டுமென்றே’ என்பதை விட்டுவிட்டுப் பாதியை மட்டும் படிப்பதாகிவிடும்.

17 வயது மகன் என் ஸ்கூட்டரை எடுத்துப் போய் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரியில் மோதி இறந்துவிட்டான். என் மேல் வழக்கு உண்டா? (தண்டையார்பேட்டை)

வரலாம். சிறுவர் வண்டி ஓட்டிச் செய்யும் குற்றத்துக்குப் பெற்றோரைப் பொறுப்பாக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ: 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதம் வண்டியின் பதிவு ரத்து. மகன் இறந்ததால் விலக்கு என்று பிரிவில் எழுதவில்லை. மோசமான பகுதி எதுவென்றால், நீங்கள் அனுமதித்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். தெரியாமல் எடுத்தான், அல்லது வேண்டிய கவனமெல்லாம் எடுத்திருந்தேன் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சாவி எங்கே இருந்தது, நீங்கள் எங்கே இருந்தீர்கள், அவன் முன்பு ஓட்டியதைப் பார்த்தவர் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். ஸ்கூட்டரில் அவன் போகும் பழைய போட்டோவை நினைவஞ்சலி ஸ்டேட்டஸாக வைக்காதீர்கள், அதுவே சாட்சியாகலாம்.

வாடகை வீட்டு சம்ப் மூடி துருப்பிடித்து உடைந்திருந்தது. ஹவுஸ் ஓனரிடம் பலமுறை சொன்னோம். குழந்தை விழுந்து இறந்தது. இப்போது எங்களையே கேட்கிறார்கள். (வியாசர்பாடி)

சொன்னதற்கு ஆதாரம் தேடுங்கள்: வாட்ஸ்அப், குரல் பதிவு, அப்போது கூட இருந்த அண்டை வீட்டார். மூடியைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள், புது மூடி போட விடாதீர்கள். ஓனர் மேல் 106(1) கேட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். இன்ஸ்பெக்டர் வாங்காவிட்டால் போலீஸ் துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்புங்கள், அடுத்தது மாஜிஸ்திரேட். நஷ்டஈட்டு வழக்கு தனி.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. தூக்கமில்லாமல் தவிக்கும் அம்மா, அப்பாவுக்கு மனநல உதவி எண் 14416. எந்த நேரமும், தமிழில் பேசலாம்.