பதினேழு பிழை எண்ணினவனிடம் தாழ்மை பற்றிக் கேட்கிறீர்கள்

"கிறிஸ்தவ வாழ்வில் பெருமையை விட்டுத் தாழ்மையை வளர்ப்பது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். சும்மா இருக்கிறவர் இப்படிக் கேட்கமாட்டார். கோயிலில் யாரோ உங்களைப் "பெருமை பிடிச்ச ஆள்" என்று சொல்லியிருக்க வேண்டும், அது இரண்டு நாள் நித்திரையைக் கெடுத்திருக்க வேண்டும். எனக்கும் சொன்னார்கள். சொன்னவர் என் மனைவி.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கரையோரப் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கன், ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். உயிர்த்த ஞாயிறுக்கு முன் வருகிற தவக்காலத்தில் எங்கள் கோயிலில் வியாகுலப் பிரசங்கம் வாசிப்போம். ஆண்டவருடைய பாடுகளை ஒப்பாரி போல இழுத்து ராகத்தோடு வாசிக்கிற பழைய நூல் அது. முதலில் என் ஐயா வாசித்தார், அவருக்குப் பிறகு 22 வருடம் நான். 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து சனமெல்லாம் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டபோது, நாவற்குழிப் பக்கம் கொட்டுகிற மழையில் அடி அடியாக நகர்ந்தோம். உடுப்பு மூட்டைக்குள் அந்தப் புத்தகமும் நனைந்தது. இந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ தெரியாது. சொல்லும்போது ஓரிடத்தில் குரல் தழதழக்கும். அதையும் பழக்கி வைத்திருந்தேன்.

பிறகு புதுச் சுவாமி ஒருவர் வந்தார். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின கிழமை, "இந்த முறை இளம் ஆக்களுக்கு விடுவம் மாஸ்டர்" என்றார். "அதுக்கென்ன சுவாமி, நல்லதுதானே" என்று சிரித்தேன். வீட்டில் சைக்கிளை மதிலோடு சாத்தின சத்தத்திலேயே மனைவிக்கு விளங்கிவிட்டது.

வாசிக்க வந்தவன் மீன்வாடியில் வேலை செய்கிற ஒரு பெடியன். எந்தத் தெருப் பெடியன் என்று யாழ்ப்பாணத்தவருக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. "உச்சரிப்புத்தான் பிரச்சினை" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். உச்சரிப்பு மட்டும்தானா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். ("கோயிலுக்குள் சாதி இல்லை" என்று கீழே எழுத வருகிறவர்கள், உங்கள் வீட்டில் ஒரு கலியாணப் பேச்சு வரும்வரைக்கும் பொறுங்கள்.)

கடைசி வாங்கில் புத்தகமும் பென்சிலுமாக இருந்தேன். அவன் 'ள'வை 'ல' என்ற இடம், மூச்சு முட்டி வசனத்தை முறித்த இடம், எல்லாவற்றுக்கும் ஓரத்தில் ஒரு கோடு. மொத்தம் 17. இதற்குள் அந்த ஒலிபெருக்கிக்காரர் வேறு. மைக்குக்கு எக்கோ வைக்காவிட்டால் பக்தி வராது என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஒரு சொல் மூன்றாகத் திரும்பி வந்தால் யாருக்கு என்ன விளங்கும்? பெருநாளுக்குப் பெருநாள் சொல்லுகிறேன், தலையை ஆட்டிவிட்டு இன்னும் கூட்டி வைப்பார். சரி, விடுங்கள்.

அன்றிரவு 17 பிழையையும் மனைவிக்கு ஒப்புவித்தேன். சோறு போட்டுக்கொண்டே கேட்டிருந்தவள், "அந்தப் பெடியன் வாசிக்கேக்க எனக்கு அழுகை வந்தது. நீங்கள் பென்சில் சீவிக்கொண்டு இருந்தனீங்கள்" என்றாள். அதற்குப் பிறகுதான் நான் மேலே சொன்ன அந்தச் சொல், "பெருமை பிடிச்ச ஆள்".

எனக்கு உறைக்கவில்லை, கோபம்தான் வந்தது. அடுத்த நாள் பட்டியலோடு வாடிக்கே போனேன், திருத்தப் போகிறேன் என்ற சாட்டில். அவன் கையைக் கழுவிவிட்டு வந்தான். அப்படியும் விரலில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. அந்த விரலை ஒவ்வொரு கோட்டிலும் வைத்து, "இப்ப சரியோ மாஸ்டர்?" என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். பதினோராவதில் விரல் நின்றது. "குறை நினையாதேங்கோ மாஸ்டர், இந்த இடத்தில வேற சொல்லெல்லே கிடக்குது" என்று ஃபோனை நீட்டினான். வேறொரு பழைய பதிப்பின் படம்.

மழையில் நனைந்த என் புத்தகத்தில் அந்தத் தாள் ஒட்டி, பிரிக்கும்போது ஒன்றரை வரி உரிந்துபோயிருந்தது. ஐயா சாவகச்சேரியிலேயே காலமாகிவிட்டார், கேட்க ஆளில்லை. நானே பொருத்தமாக ஒரு சொல்லைப் பென்சிலால் எழுதி வைத்தேன். நல்ல சொல் என்று எனக்குள் மெச்சியும் கொண்டேன். காலம் போக, அது என் சொந்தக் கற்பனை என்பதே மறந்துபோனது. 22 வருடமாகக் கோயில் முழுக்க அதைக் கேட்டு அழுதிருக்கிறது. அவன் சரியாக வாசித்ததற்குத்தான் நான் பிழைக் கோடு போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நூலை எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழரே இல்லை, கோவாக்காரர். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழும் சிங்களமும் படித்து எழுதியவர். பிறத்தியார் ஒருவர் படித்தெடுத்த தமிழைக் கையில் வைத்துக்கொண்டு நான் அந்தப் பெடியனின் 'ள'வை அளந்தேன்.

இனி உங்கள் கேள்வி. "நான் ஒன்றுமில்லாதவன்" என்று சொல்லிப் பழகச் சொல்லுவார்கள். அதை நம்பாதீர்கள். ஒவ்வொரு தவக்காலமும் "எனக்குத் தகுதியில்லை சுவாமி" என்று நானும் சொன்னேன், "உங்களை விட்டால் யார் மாஸ்டர்" என்ற பதிலுக்காக. யோவான் 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கால் கழுவ வரும்போது பேதுரு மாட்டேன் என்கிறாரே, அதைப் பணிவு என்று எத்தனை வருடம் வகுப்பில் படிப்பித்திருப்பேன். இப்போது அப்படித் தெரியவில்லை. நீங்கள் ஒரு படி குறைவாக நினைக்கிற ஒருவரிடம் போய் உங்கள் வேலையைக் காட்டுங்கள், அவர் திருத்தினால் வாயை மூடிக்கொண்டு வாங்குங்கள். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நான் விரும்பிச் செய்யவில்லை, மாட்டுப்பட்டேன். இதை எழுதுவதே ஒரு பெருமை என்பீர்கள். இருக்கலாம்.

பெரிய வெள்ளிக்கும் அவன்தான் வாசித்தான். உரிந்த இடத்தை எழுதித் தருகிறேன் என்று என் புத்தகத்தை வாங்கிப் போனவன், உயிர்த்த ஞாயிறு கழியத் திருப்பித் தருவதாகச் சொன்னான். அதற்குப் பிறகு மூன்று உயிர்த்த ஞாயிறு போய்விட்டது. நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பூசை முடியவும் வாசல்வரை அவனுக்குப் பின்னால் போகிறேன்.