விண்டோஸ் 11-க்கு மாறியதும் லிப்ரே ஆபீஸில் கறுப்புத் திட்டு, குரோமில் கோடு: ஃபார்மட் அடிக்க வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் (லிப்ரே ஆபீஸின் எழுத்து மென்பொருளான ரைட்டரில் பக்கம் பாதி கறுப்பாவது, மெனு திறந்தால் வெறும் கட்டம், குரோமில் ஸ்க்ரோல் செய்தால் கோடு கோடாக இழுபடுவது) அநேகமாக டிரைவர் (கிராபிக்ஸ் சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) கோளாறு. ஃபார்மட் அடித்தாலும் அதே டிரைவர் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சேலத்தில் அச்சகம், டிடிபி (கணினியில் பக்கம் வடிவமைக்கும்) கடைகளின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்றதும் செவ்வாய்பேட்டை, அம்மாபேட்டைப் பக்கம் ஆளாளுக்கு 11-க்கு மாறினார்கள். அப்புறம் ஒரே புகார் மயம்.

முதலில் கோளாறு தெரியும்போதே பிரின்ட் ஸ்கிரீன் எடுத்து, அந்தப் படத்தை செல்போனில் திறந்து பாருங்கள். படத்திலும் திட்டு இருந்தால் மென்பொருளோ டிரைவரோ காரணம். படம் சுத்தமாக இருந்தால் மானிட்டர், கேபிள், ரெஃப்ரெஷ் ரேட் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற அமைப்பு) பக்கம் போங்கள். கேபிளைக் கழற்றி மாட்டாமல் டிரைவரோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுபவர்கள் நிறைய.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் அடித்த ஃபைல் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் அது கிராபிக்ஸ் கோளாறே இல்லை. ஃபான்ட் இல்லை, அவ்வளவுதான். ஃபான்டை மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும்.

இப்போது உங்கள் விஷயம். லிப்ரே ஆபீஸ் 2020-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து, விண்டோஸில் திரையை வரைய ஸ்கியா என்ற மென்பொருள் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அது வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்தின் வழியாக கிராபிக்ஸ் சிப்பிடமே வேலை வாங்கும். நீங்கள் லிப்ரே ஆபீஸைத் தொடவே இல்லை. ஆனால் அடியில் இருந்த டிரைவர் மாறிவிட்டது. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் முழுப்பக்கமும் கெடாது. மவுஸ் போன இடம் மட்டும் தெளியும், அடித்த வரியில் மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் தனியாகத் தொங்கும், பக்கத்தை நகர்த்தினால் பழைய வரியின் வால் அங்கேயே நிற்கும். ஆனால் பிரின்ட் போட்டுப் பாருங்கள், சுத்தமாக வரும். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா நோட்டீஸ் வேலை குவிந்து கிடக்கும் நேரமென்றால், திரை எப்படி இருந்தாலும் பிரின்டை வைத்தே சமாளிக்கலாம்.

டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபீஸ், வியூ என்று போய் ஸ்கியாவை கிராபிக்ஸ் சிப் இல்லாமல் மென்பொருள் வழியில் மட்டும் வரையச் சொல்லும் பெட்டியை டிக் செய்து, மூடித் திறங்கள். மெனுவே தெரியவில்லையா? ஸ்டார்ட் மெனுவில் லிப்ரே ஆபீஸ் சேஃப் மோடைத் தேடித் திறந்தால், ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை (வரையும் வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுப்பதை) நிறுத்தும் வசதி அதிலேயே இருக்கிறது. குரோமிலும் அதேதான்: செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணையுங்கள்.

இதில் சரியானால் டிரைவர்தான் குற்றவாளி. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைப் பாருங்கள். ‘மைக்ரோசாப்ட் பேசிக்’ என்று பெயர் இருந்தால் உண்மையான டிரைவர் ஏறவே இல்லை. கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கானதை இறக்கிப் போடுங்கள். டிரைவரைத் தேடித் தருகிறேன் என்று வரும் இலவச மென்பொருள் பக்கம் மட்டும் போகாதீர்கள். சரியான பெயர் இருந்தும் கோளாறு என்றால், அதன் ப்ராபர்ட்டீஸில், பழைய டிரைவருக்குத் திரும்பும் ரோல் பேக் பட்டன் உயிரோடு இருக்கிறதா பாருங்கள்; இருந்தால் அழுத்துங்கள். மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் கைவசம் இல்லை. ஆதரவுப் பட்டியலில் இல்லாத பழைய கணினியில் குறுக்கு வழியில் 11 ஏற்றியிருந்தால் அதற்கென்று டிரைவரே வெளிவந்திருக்காது. ஆக்சிலரேஷனை அணைத்தே ஓட்டுங்கள். டிடிபி வேலைக்கு அது போதும்.

பேஜ்மேக்கர் 7 (பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு: எழுத்து மங்கலாகத் தெரிந்தால் அது ஸ்கேலிங் (திரையில் எழுத்தை விண்டோஸ் பெரிதாக்கிக் காட்டும்) சமாச்சாரம். ஐகானின் ப்ராபர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி, ஹை டிபிஐ போய் மாற்றிப் பாருங்கள்.

எதுவும் எடுபடவில்லை என்றால், 11 ஏற்றி 10 நாளுக்குள் செட்டிங்ஸில் ரிகவரி வழியாகப் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். அதுவரை டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் ஃபைல்களை மட்டும் அழித்துவிடாதீர்கள்.