சுவர்ல உப்பு பூக்குதா? இடிக்கிறதை கொஞ்சம் தள்ளிப் போடுங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தாத்தா கட்டின ஓட்டு வீடு, நடுவுல முற்றம், எல்லாம் சுண்ணாம்புக் கட்டடம். கீழ்ப்பக்கம் பூச்சு உதிருதுன்னு போன வருஷம் கொத்தனார் பழைய பூச்சைத் தட்டிட்டு சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து எமல்ஷன் அடிச்சுக் கொடுத்தார். இப்போ முழங்கால் உயரத்துக்கு பெயிண்ட் உப்பி வெள்ளையா பொடி கொட்டுது. சுவரே போச்சு, இடிச்சுட்டு புதுசா கட்டுங்கன்னு சொல்றாங்க. என்ன செய்யலாம்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இடிச்சுடாதீங்கம்மா. நீங்க சொல்றதை வெச்சுப் பார்த்தா சுவர் போகல, மேல பூசின சிமெண்ட்தான் வினை. அந்தக் காலத்து வீட்டுக்கு பெரும்பாலும் டிபிசி (மண் ஈரம் சுவர்ல ஏறாம அஸ்திவாரத்துக்கு மேல போடுற தடுப்பு அடுக்கு) கிடையாது, மண்ணுல இருக்கிற ஈரம் செங்கல் வழியா மேல ஏறத்தான் செய்யும், சுண்ணாம்புப் பூச்சா இருந்தவரைக்கும் அது சுவர் முகத்துலயே காஞ்சு போயிட்டிருந்துச்சு, இப்போ சிமெண்டும் எமல்ஷனும் வழியை அடைச்சதால ஈரம் இன்னும் உயர ஏறி, காயிற இடத்துல உப்பு படிஞ்சு பெயிண்டைத் தள்ளுது. அதுக்கு மேல வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் அடிச்சாலும் இதே கதைதான்.

முதல்ல வெளிய போய் தண்ணி எங்க நிக்குதுன்னு பாருங்க. ரோடு மேல ரோடு போட்டு நிறைய ஊர்ல வீட்டுத் தரையை விட தெரு உசந்து நிக்குது. ஓட்டுத் தண்ணி சுவரடியிலயே விழுதா, யாராவது சுவரை ஒட்டி சிமெண்ட் தளம் போட்டு வெச்சிருக்காங்களான்னும் பாருங்க. சுவரோரத்து மண்ணை உள்தரை மட்டத்துக்குக் கீழ இறக்கி வாட்டம் கொடுங்க, அஸ்திவாரம் வெளிய தெரியிற அளவுக்கு மட்டும் தோண்டிடாதீங்க.

அப்புறம் ஈரம் ஏறின கோட்டுக்கு மேல ஒரு ஒன்றரை அடி வரைக்கும் சிமெண்டை கொத்தி எடுத்துட்டு, இடுக்குல இருக்கிற பொடிஞ்ச சாந்தை சுரண்டிட்டு, கோடை முழுக்க சுவரை அப்படியே காய விடுங்க. வீட்டுல விசேஷம் வருதுன்னு அவசரப்பட்டா எல்லாம் வீண். காஞ்சுதான்னு தெரிஞ்சுக்க, ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு சுவர்ல ஒட்டி ரெண்டு நாள் விடுங்க, சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம்.

பூசறதுக்கு நீத்த (தண்ணி ஊத்தி வேக வெச்ச) சுண்ணாம்பு, குறைஞ்சது ரெண்டு வாரமாவது ஊறியிருக்கணும். ஒரு பங்குக்கு மூணு பங்கு மணல், கூட கொஞ்சம் செங்கல் பொடி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி. மெல்லிசா ரெண்டு கை பூசி, சட்டுனு காயாம தண்ணி தெளிச்சுட்டே வரணும். சீக்கிரம் செட் ஆகட்டும்னு கொத்தனார் ஒரு சட்டி சிமெண்ட் கலக்கப் பார்ப்பார், பக்கத்துலயே நில்லுங்க. மேல வெள்ளையடிச்சா போதும், எமல்ஷன் வேண்டாம்.

கேள்வி: ஆத்தங்குடி கல் தரை மங்கிப் போச்சு. ஆசிட் வாஷ் பண்ணவா, மேலயே விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டவா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: ரெண்டுமே வேண்டாம் சார். அது சூளையில சுட்ட கல் இல்ல. கண்ணாடி மேல ஃப்ரேம் வெச்சு கலர் சிமெண்டை ஊத்தி, பின்னாடி மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணியில ஊற வெச்சு எடுக்கிறது, அந்தக் கண்ணாடி முகம்தான் அதோட வழவழப்பு. ஆசிட் பட்டா அந்த முகமே அரிச்சுப் போயிடும், திரும்ப வராது. வெறும் தண்ணியில துடைச்சு, துணியில துளி தேங்காய் எண்ணெய் விட்டு தேய்ங்க, நடக்க நடக்க பளபளப்பு வரும். உடைஞ்ச கல்லுக்கு மாதிரி எடுத்துட்டுப் போனா ஆத்தங்குடியிலயே செஞ்சு தருவாங்க.

கேள்வி: பழைய வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு ரூமும் பாத்ரூமும் கட்டணும். பழைய சுவரோட சேர்த்து பில்லர் எழுப்பிடலாம்னு என்ஜினியர் சொல்றார்.
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: சேர்க்காதீங்க. பழைய சுவர் என்னைக்கோ இறங்கி அமர்ந்தாச்சு, புது அஸ்திவாரம் இனிமேதான் இறங்கும், ரெண்டையும் கட்டிப் போட்டா சேர்ற இடத்துல வெடிப்பு நிச்சயம். பழைய சுவரை ஒட்டி அதோட அஸ்திவாரத்தை விட ஆழமா குழி எடுக்கிறது இன்னும் ஆபத்து. நாலஞ்சு அடி தள்ளி தனியா கட்டி, நடுவுல லேசா ஒரு ஓட்டுத் தாழ்வாரம் போட்டு இணைங்க, மழையில நனையாம போய் வரலாம், பழைய வீட்டுக்கு வெளிச்சமும் போகாது. பாத்ரூம், பைப் எல்லாம் புதுப் பக்கமே இருக்கட்டும். பழைய வீடுகளைக் கழட்டி கொண்டு வந்து திரும்ப நிறுத்தின தக்ஷிணசித்ரா அருங்காட்சியகம் சென்னை பக்கத்துல முட்டுக்காட்டுல இருக்கு, 1996ல திறந்தது. ஒரு நாள் என்ஜினியரையும் கூட்டிட்டுப் போய், தாழ்வாரமும் முற்றமும் எப்படி சேருதுன்னு காட்டுங்க.

கேள்வி: புது வீட்டுக்கு காரைக்குடி பழைய கதவு போட ஆசை. சரிப்படுமா?
– வாசகி, திருச்சி

பதில்: தாராளமா. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல இருக்கிற பழைய சாமான் கடைகள்ல பார்த்து எடுங்க, நிலையோட அடிப்பாகத்தை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க, உள்ள இறங்குச்சுன்னா கரையான் தின்னது. பிளான் போட்ட பிறகு போகாதீங்க, பழைய நிலை உயரமும் அகலமும் இப்போதைய அளவுக்கு ஒத்து வராது, முதல்ல கதவை வாங்கி அளவெடுத்துக் கொடுத்துட்டு அப்புறம் சுவர் கோடு போடச் சொல்லுங்க.