கம்பி இழுக்கப் பழகுவோம்: இலவச மாடுலர் சிந்தசைசர் கேள்வி பதில்

சில வருடங்களாக விசிவி ரேக் என்ற இலவச மென்பொருளில்தான் என் மாலை நேரங்கள் கழிகின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: மாடுலர் என்றால் என்ன அண்ணா? சாதாரண கீபோர்டு சாஃப்ட்வேரிலிருந்து எதில் வேறுபடுகிறது?

சாதாரண சிந்தசைசரில், அதாவது மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கருவியில், ஒலி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை அதைச் செய்தவரே முடிவு செய்திருப்பார். மாடுலரில் அந்த வேலை உங்களுடையது. ஒலியை உண்டாக்கும் பெட்டி, சீவும் பெட்டி, சத்தத்தை ஏற்றி இறக்கும் பெட்டி எல்லாம் தனித்தனியாக இருக்கும். இந்தப் பெட்டிக்குத்தான் மாட்யூல் என்று பெயர். கேபிள் போட்டு இணைப்பது நீங்கள். 1960களில் அமெரிக்காவில் ராபர்ட் மூக், டான் புக்லா இருவரும் தனித்தனியாக இதைத் தொடங்கினார்கள். இன்று பரவலாக இருக்கும் யூரோரேக் வடிவம் ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் 1990களின் நடுவில் கொண்டுவந்தது. நிஜப் பெட்டிகள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. 2017இல் வெளிவந்த விசிவி ரேக் அதே உலகத்தைத் திரைக்குள் கொண்டுவந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், மூலநிரலும் திறந்தே இருக்கிறது.

கேள்வி: விசிவியின் இணைய நூலகத்தில் ஆயிரக்கணக்கான மாட்யூல் இருக்கிறதே, எதையெல்லாம் இறக்குவது?

முதல் மாதம் எதையும் இறக்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். நான் தொடங்கியபோது கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்தும் உருப்படியாக ஒரு ஒலி என் கையில் இல்லை. அப்புறம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கூடவே வரும் ஐந்தை மட்டும் வைத்து ஒரு வாரம் உட்கார்ந்தேன். அந்த ஒரு வாரத்தில் கற்றதுதான் இன்றும் கைகொடுக்கிறது.

அந்த ஐந்து: விசிஓ, விசிஎஃப், விசிஏ, ஏடிஎஸ்ஆர், எல்எஃப்ஓ. விசிஓ ஒலியைப் பிறப்பிக்கும். விசிஎஃப் என்ற ஃபில்டர் அதன் கூர்மையைக் குறைக்கும். விசிஏ சத்தத்தின் அளவைக் கட்டுப்படுத்தும். ஏடிஎஸ்ஆர் ஒரு சுரம் எப்படி எழுந்து, நின்று, அடங்க வேண்டும் என்று சொல்லும். எல்எஃப்ஓ மெதுவாக ஆடும் அலை. அது காதுக்குக் கேட்காது, மற்ற குமிழ்களை உங்களுக்குப் பதிலாகத் திருப்பிக்கொண்டே இருக்கும். இவற்றோடு ஸ்கோப் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். கேபிளில் என்ன ஓடுகிறது என்று கண்ணால் பார்த்தால் பாதி குழப்பம் தீரும்.

கேள்வி: எல்லாம் இணைத்துவிட்டேன் சார், சத்தமே வரவில்லை.

கடைசியிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். முதலில் ஆடியோ மாட்யூலில் உங்கள் ஸ்பீக்கரோ ஹெட்ஃபோனோ தேர்வாகியிருக்கிறதா? விசிஓவிலிருந்து ஒரு கேபிளை நேரே அங்கே போடுங்கள். சத்தம் வந்தால் தவறு நடுவில்தான். போடும் முன் வால்யூமைக் குறைத்துவிடுங்கள், முக்கியமாக ஹெட்ஃபோன் மாட்டியிருந்தால். ஒரு தவறான இணைப்பு காதைக் கிழிக்கும் அளவுக்குக் கத்திவிடும்.

நடுவில் தவறு என்றால் பெரும்பாலும் ஏடிஎஸ்ஆர்தான். அதற்கு கேட், அதாவது விசை அழுத்தியதைச் சொல்லும் சைகை, வராவிட்டால் அது பூஜ்ய வோல்ட்டிலேயே நிற்கும். அதனோடு இணைந்த விசிஏவும் மூடியே இருக்கும். கீபோர்டில் வாசிப்பதை ரேக்குக்குள் கொண்டுவரும் எம்ஐடிஐ மாட்யூலின் கேட் அவுட்புட்டை ஏடிஎஸ்ஆரின் கேட் இன்புட்டில் செருகுங்கள். கீபோர்டு இல்லையென்றால் அதே மாட்யூலில் கணினி விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கலாம், எழுத்துகளே சுரங்களாகிவிடும்.

கேள்வி: வோல்ட் வோல்ட் என்கிறார்கள். சாஃப்ட்வேரில் ஏது வோல்ட்?

நிஜ மின்சாரம் இல்லை, எண்கள்தான். ஆனால் நிஜப் பெட்டிகளின் கணக்கையே வைத்திருக்கிறார்கள். சுருதிக்கு ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட். பூஜ்ய வோல்ட் என்றால் 261.63 ஹெர்ட்ஸ், அதாவது நம் ஒரு கட்டை. ஒரு வோல்ட் ஏற்றினால் மேல் ஸ்தாயி ஸட்ஜம், ஒரு வோல்ட் இறக்கினால் கீழ் ஸ்தாயி. கேபிளில் ஓடுவது ஒலியா, சுருதியா, தாளமா என்று ரேக் கேட்பதே இல்லை. அதனால் எல்எஃப்ஓவைச் சுருதியிலும் செருகலாம், ஃபில்டரிலும் செருகலாம். மாடுலரின் சுகமே அதில்தான் இருக்கிறது.

கேள்வி: நான் கர்நாடக சங்கீதம் கற்கிறேன். இதில் தம்புரா சுருதி வைக்க முடியுமா? கமகம் வருமா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். சுருதி அருமையாக வரும். மூன்று விசிஓ எடுத்து, குமிழ் மேல் வலது சொடுக்கு செய்து எண்ணைத் தட்டுங்கள்: ஸட்ஜம் 261.63, பஞ்சமம் 196.22, கீழ் ஸட்ஜம் 130.81. ரம்ப அலை அவுட்புட்டை எடுத்து மிக்ஸர் வழியாக விசிஎஃப்புக்கு அனுப்புங்கள்.

பஞ்சமம் ஏன் 196.22? பியானோ கணக்குப்படி அது 196.00தான். ஆனால் சுத்தமான பஞ்சமம் கீழ் ஸட்ஜத்துக்கு மூன்றுக்கு இரண்டு விகிதத்தில் நிற்கும். 196.00 வைத்தால் கீழ் ஸட்ஜத்தின் மூன்றாம் ஸ்வயம்புவும் (ஒரு சுரத்தோடு தானாகவே எழும் மேல் ஒலி) பஞ்சமத்தின் இரண்டாம் ஸ்வயம்புவும் ஒட்டாமல், சுமார் இரண்டே கால் விநாடிக்கு ஒருமுறை அலை அடிக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். சேர்ந்த சுருதி என்று பெரியவர்கள் சொல்வது காதில் உறைக்கும். பிறகு விசிஎஃப்பின் ரெசனன்ஸைக் கொஞ்சம் ஏற்றி, பத்து விநாடிக்கு ஒருமுறை ஆடும் எல்எஃப்ஓவை கட்ஆஃபில் செருகுங்கள். கட்ஆஃப் என்பது ஃபில்டர் எங்கிருந்து வெட்ட வேண்டும் என்பது, ரெசனன்ஸ் அந்த இடத்தை உரக்கக் காட்டும். ஸ்வயம்பு சுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். தந்தியைத் தாங்கும் குதிரை மேல் நூல் வைத்த தம்புராவின் ரீங்காரம் அதுவே அல்ல, ஆனால் அதன் பக்கத்து வீடு.

கமகம் வேறு விஷயம். சுருதிக் கேபிளின் நடுவில் ஸ்லூ லிமிட்டர் (வோல்ட்டைச் சட்டென்று தாவ விடாமல் மெதுவாக நகர்த்தும் மாட்யூல்) வைத்தால் ஜாரு, அதாவது சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போவது, வரும். சுரத்தை அசைக்கும் கம்பிதத்துக்கு எல்எஃப்ஓ போடத் தோன்றும். போட்டுப் பார்த்தேன், ஒரே சீராக ஆடி உயிரில்லாமல் நிற்கிறது. தோடி காந்தாரத்தின் அசைவு ஒருமுறை போல் மறுமுறை இருக்காதே. கீபோர்டின் பிட்ச் வீலுக்கு எம்ஐடிஐ மாட்யூலில் தனி அவுட்புட் இருக்கிறது. அதை விசிஓவின் சுருதியை அசைக்கும் எஃப்எம் இன்புட்டில் சிறு அளவில் கொடுத்து, கையால் அசைத்துப் பழகுங்கள். கை செய்வதைக் கணக்கு செய்யாது.

கேள்வி: பழைய லேப்டாப். படபடவென்று வெடிக்கிறது.

ஆடியோ மாட்யூலில் பிளாக் சைஸை (ஒரே தடவையில் அனுப்பும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 512 ஆக்குங்கள். விநாடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் அது சுமார் 11 மில்லிவிநாடி தாமதம், வாசிக்கும்போது பெரிதாகத் தெரியாது. எஃப்3 விசையைத் தட்டினால் எந்த மாட்யூல் எவ்வளவு உழைப்பைத் தின்கிறது என்று தெரியும். பல குரல் ஒரே கேபிளில் ஓடினால் வேலையும் கூடும், அதையும் கவனியுங்கள்.

கேள்வி: என் ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள் பிளக்இன்னாகத் திறக்க முடியுமா? காசு கட்ட வேண்டுமா?

விசிவி ரேக்கை பிளக்இன்னாகப் பயன்படுத்த அதன் கட்டணப் பதிப்பு வேண்டும். கட்ட வசதியில்லை என்றால் கார்டினல் இருக்கிறது. ரேக்கின் திறந்த நிரலிலிருந்தே உருவான இலவச பிளக்இன் அது. மாட்யூல்கள் உள்ளேயே அடங்கியிருக்கும், வெளியிலிருந்து புதிதாகச் சேர்க்க முடியாது. தொடங்குகிறவருக்கு அந்தக் கட்டுப்பாடு நல்லதுதான். வெறுமனே பதிவு செய்ய மட்டும் என்றால் ரேக்கிலேயே ரெக்கார்டர் என்ற இலவச மாட்யூல் போதும்.

கேள்வி: ஐந்தும் பழகிவிட்டது. அடுத்து?

சுரங்களை வரிசையாகத் தானே வாசிக்கும் சீக்வென்சர் ஒன்று, பிளேட்டோ என்ற ரிவர்ப் (எதிரொலி தரும் மாட்யூல்) ஒன்று. அதன் பிறகு ஆடிபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் தொகுப்பு. எமிலி ஜில்லே என்பவர் தன் பெட்டிகளின் நிரலை உலகத்துக்குத் திறந்து கொடுத்ததால் நமக்குக் கிடைத்தது அது. அதில் ரெசனேட்டரை முதலில் எடுங்கள். ஒரு கேட் கொடுத்தாலே கம்பியை மீட்டியது போல ஒலிக்கும். மேலே சொன்ன சுருதி இணைப்பின் மேல் அதை வைத்து, ஒரு இரவு முழுக்கக் குமிழ்களைத் திருப்பிக்கொண்டிருங்கள்.