கயிறு திருப்பி இழுக்கணும்

*அண்ணே வணக்கம். எனக்கு ஊர் பாம்பன். இன்ஜினியரிங் முடிச்சுட்டு ஒரு கிளவுஸ் செஞ்சிருக்கேன். விரலை மடக்கி கையை அசைச்சா லேப்டாப்ல நாகஸ்வரம் மாதிரி சத்தம் வரும். பெரியவங்க பாடின அம்பாவையும் (வலை இழுக்கிறப்ப பாடுற பாட்டு) ரெக்கார்டு பண்ணி எட்டு பட்டன்ல வச்சிருக்கேன். சத்தம் 40 மில்லிசெகண்ட் லேட்டா வருது, எப்படி குறைக்கிறது? நல்ல தமிழ்ப் பேரு ஒண்ணு சொல்லுங்க. புது இசைக்கருவிகள் பத்தின நைம் (NIME) மாநாட்டுக்கு கட்டுரை எழுதலாமா? வீடியோ அனுப்பிருக்கேன்.*

தம்பி,

உன் கடிதம் வந்த அன்னைக்கு காலையிலதான் தனுஷ்கோடி ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு கரைவலை இழுக்குறத பாத்துட்டு வந்தேன், அதான் உடனே எழுதுறேன்.

பேரு கெடக்கட்டும். நைம் 2001ல சியாட்டில்ல ஒரு பட்டறையா ஆரம்பிச்சது, அவங்க கட்டுரையெல்லாம் சும்மாவே படிக்க கெடைக்குது, படிச்சுட்டு எழுது. 40 ஜாஸ்திதான், பெர்க்லில கம்ப்யூட்டர் இசை ஆராய்ச்சி பண்ண வெஸ்ஸலும் ரைட்டும் 10 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கணும்னு 2002லயே எழுதிட்டாங்க. புளூடூத்த கழட்டிட்டு வயர் போடு, லேப்டாப் சத்தத்த சேத்து வச்சு விடுற ஆடியோ பஃபர குறை.

ஆனா நீ கேக்காத ஒண்ணு இருக்கு. உன் கை காத்துல அலையுது, திருப்பி எதுவும் உன் கையப் பிடிக்கல. வீடியோவ மூணு தடவ பாத்தேன்டா, கமகத்துக்கு கண்ண மூடிக்கிட்டு கைய உலுக்குற பாரு, மனசு நெறஞ்சு போச்சு, ஆனா சுரம் வழுக்கிட்டே போகுது. நாகஸ்வரக்காரருக்கு உதட்டுல சீவாளி, அதான் ஊதுற நாணல் துண்டு, எதுத்து நிக்கும், உனக்கு எது நிக்குது? தொடாம காத்துல கைய அசைச்சு வாசிக்கிற தெரமின்னு ஒரு மின்கருவி, அதுல இதே கஷ்டம்தான், தொட ஒண்ணுமே கெடையாது, வயலின் வாசிச்சுப் பழகின கிளாரா ராக்மோர் காத்துல விரல் வைக்க தனியா ஒரு முறையே உண்டாக்க வேண்டியிருந்துச்சு. பிரான்ஸ்ல கிரெனோபிள்ல க்ளோத் கதோஸ் 1970கள்லயே மோட்டார் வச்சு கைய திருப்பித் தள்ளுற கருவி செய்ய எறங்கினாரு.

கரைவலை இழுக்குறப்ப எங்க பெரியப்பா கயித்துல முன்னாடி நிப்பாரு. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு, அவரு முதுகுக்குப் பின்னாடி நின்னு இழுப்பேன். மீன் சேர்ற வலைப் பையான மடி கரைக்கு வர இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கும், கயித்த உள்ளங்கையில வாங்கினதுமே "சொறிடா"ன்னுருவாரு, சொறின்னா ஜெல்லி மீன். சொறி ஏறினா கயிறு சவசவன்னு கனத்து வரும், மீன்னா உள்ள ஒரு துடிப்பு இருக்கும், எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். அதுக்கு ஏத்த மாதிரி அம்பாவும் மாறும், பாரம் ஏறுனா ஏலேலோ நீண்டு நடுவுல மூச்சுக்கு எடம் விடும், லேசானா குறுகி ஓடும். பாட்ட எடுத்துக் குடுக்குறது ஒருத்தர்தான், ஆனா எப்ப நீட்டணும் எப்ப சுருக்கணும்னு சொல்றது கயிறு.

அந்த அம்பாவத்தான் நீ எட்டு பட்டன்ல அடைச்சு வச்சிருக்க. பட்டன அமுக்குனா பாரம் ஏது? கோவமா வருதுடா. பாடின பெரியவங்களுக்கு அத போட்டுக் காட்டுனியா? சரின்னாங்களா? கடிதத்துல அதப் பத்தி ஒரு வரி இல்ல. மொதல்ல அவங்ககிட்ட போ, அவங்க கையில கிளவுஸ மாட்டி விடு, என்ன சொல்றாங்கன்னு கேளு. அதுவரைக்கும் அந்த எட்டு பட்டனையும் எடுத்து வச்சுரு.

மோட்டாருக்கு காசு இல்லன்னு ஓடிராத, பழைய சைக்கிள் டியூப வெட்டி விரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல கட்டு, மடக்க மடக்க இழுக்கட்டும், அப்ப சுரம் நிக்குதா பாரு.

சனிக்கிழமை விடிய முன்ன கரைவலை இழுக்குற எடத்துக்கு வந்துரு, நானும் வர்றேன், பேசி வைக்கிறேன், கயித்துல ஒரு எடம் குடுப்பாங்க. கையில துணி சுத்திக்க, நைலான் கயிறு அறுத்துரும்.