பச்சையா, சிவப்பா? கூலன்ட் வாங்குவோர் கேட்டவை

என் காரில் பச்சை நிறக் கூலன்ட் இருக்கிறது. ரிசர்வ் டேங்கில் சற்றுக் குறைந்ததால் உதிரிபாகக் கடைக்குப் போனேன். பச்சை இல்லை, சிவப்புதான் இருக்கிறது, அது இன்னும் உயர்ந்த ரகம், கலந்தே ஊற்றலாம் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (வாசகர், சேலம்)

நம்ப வேண்டாம். சிவப்பு உயர்ந்தது, பச்சை மட்டமானது என்று எதுவும் கிடையாது. இன்ஜின் சூட்டைச் சுமந்துபோகும் திரவமான கூலன்டுக்கு இயல்பாக நிறமே இல்லை. கசிந்தால் கண்ணில் படுவதற்கும், தண்ணீர் என்று எண்ணி யாரும் குடித்துவிடாமல் இருப்பதற்கும் சாயம் சேர்க்கிறார்கள். எந்த ரகத்துக்கு எந்தச் சாயம் என்று எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் விதி கிடையாது. டொயோட்டா தன் நீண்ட ஆயுள் கூலன்டுக்கு இளஞ்சிவப்பை வைத்திருக்கிறது, ஹோண்டா நீலத்தை வைத்திருக்கிறது. கடையில் விற்கும் வேறொரு இளஞ்சிவப்பு டப்பாவுக்குள் முற்றிலும் வேறு சரக்கு இருக்கலாம்.

அடிப்படைத் திரவம் பெரும்பாலான கூலன்டுகளில் ஒன்றுதான்: எத்திலீன் கிளைக்கால். வித்தியாசம் அதில் சேர்க்கும் அரிப்புத் தடுப்பு ரசாயனங்களில் இருக்கிறது. பழைய வகையில் சிலிகேட் போன்ற கனிம உப்புகள் இருக்கும். அவை உலோகத்தின் மேல் உடனே படலம் போட்டுக் காக்கும், ஆனால் சுமார் 2 ஆண்டுகளில் தீர்ந்துவிடும். கரிம அமில வகை, அதாவது டப்பாவில் ஓஏடி என்று போட்டிருப்பது, அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் மெதுவாகச் செலவாகிறது. 5 ஆண்டு வரையும் அதற்கு மேலும் வரும். இரண்டும் சேர்ந்த கலப்பு வகைகளும் உண்டு. அதிலும் ஜப்பானிய நிறுவனங்கள் சிலிகேட்டை ஒதுக்கிப் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. ஐரோப்பிய நிறுவனங்கள் நேர்மாறாகப் பாஸ்பேட்டை ஒதுக்குகின்றன, ஏனென்றால் அங்குள்ள கடின நீரிலிருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து அது படிந்துவிடும்.

தவறான ரகத்தில் ஒரு தம்ளர் கலந்தால் இன்ஜின் அன்றைக்கே நின்றுவிடாது. ஆனால் நீண்ட ஆயுள் கூலன்டின் ஆயுள் குறைந்துபோகும். சில சேர்க்கைகளில் பழுப்பு நிறச் சேறே உண்டாகும். ஃபோக்ஸ்வாகனின் பழைய கூலன்ட் ரகங்களான ஜி11, ஜி12 இரண்டையும் கலந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உங்களுக்குக் குறைந்திருப்பது கொஞ்சம்தான் என்றால், சரியான ரகம் கிடைக்கும் வரை வெறும் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்யுங்கள். அது போதும்.

சரி, நிறத்தைப் பார்க்கக் கூடாது என்றால் எதைப் பார்த்து வாங்குவது? ஒரே ஒரு லிட்டர்தான், ஆனால் ஒரு டப்பாவின் விலை இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு இருக்கிறதே? (வாசகி, திருநெல்வேலி)

முதலில் காரோடு தந்த கையேட்டில் திரவங்கள், கொள்ளளவு பற்றிய பக்கத்தைத் திறங்கள். எந்த ரகம், எத்தனை லிட்டர், தண்ணீரோடு என்ன விகிதம் என்ற மூன்றும் அங்கே இருக்கும். அந்த ரகத்தின் பெயரோ எண்ணோ டப்பாவின் பின்பக்கம் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐ.எஸ். 5759, ஜே.ஐ.எஸ். கே 2234, ஏ.எஸ்.டி.எம். டி 3306 ஆகியவை பொதுவான தர எண்கள். அவை இருப்பது நல்லது, ஆனால் உங்கள் கார் நிறுவனம் கேட்கும் ரகத்துக்கு அவை மாற்றாகா. ‘எல்லாக் கார்களுக்கும் ஏற்றது’ என்பதைத் தவிர வேறொன்றும் எழுதாத டப்பாவை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

விலை வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம், ஒன்று அடர் கூலன்டாகவும் மற்றது ஏற்கெனவே தண்ணீர் கலந்ததாகவும் இருப்பது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: அடர் கூலன்ட் 1 லிட்டர் 400 ரூபாய், டிஸ்டில்டு வாட்டர் 1 லிட்டர் 30 ரூபாய். பாதிக்குப் பாதி கலந்தால் 430 ரூபாய்க்கு 2 லிட்டர் கிடைக்கிறது, லிட்டருக்கு 215. கலந்து விற்கும் டப்பா 250 ரூபாய் என்றால், விலை குறைவாகத் தெரிந்ததுதான் உண்மையில் அதிகம். ஆனால் கலந்ததில் தண்ணீரைப் பற்றிய கவலை இல்லை. ஒரு லிட்டர் மட்டும் வேண்டியவர்கள் அதையே வாங்கலாம்.

இதில் ஒரு தந்திரமும் இருக்கிறது. சில டப்பாக்களில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்க்கலாம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பணம் மிச்சம் என்று தோன்றும். அப்படிக் கலந்தால் கூலன்ட் கால்பங்குதான், அரிப்புத் தடுப்பும் அதே அளவுக்கு நீர்த்துப்போகும். கையேடு பாதிக்குப் பாதி என்றால் பாதிக்குப் பாதிதான்.

அதிகபட்ச விற்பனை விலை, நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரிப்பாளர் முகவரி, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவை பொட்டலப் பொருட்கள் குறித்த 2011 விதிகளின்படி டப்பாவில் இருந்தாக வேண்டும். பெரிய கேனிலிருந்து அளந்து ஊற்றித் தரும் சரக்கில் இவை எதுவும் இருக்காது. வாங்காதீர்கள்.

அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டிகளுக்குத் தண்ணீர்தான். எங்கள் ஊர் வெயிலில் ரேடியேட்டர் உறைந்துவிடவா போகிறது? தேவையானால் வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர் இருக்கிறது, ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீரும் இருக்கிறது. (வாசகர், ராமநாதபுரம்)

உங்கள் வாதத்தில் ஒரு பகுதி சரிதான். வெப்பத்தைச் சுமப்பதில் கூலன்ட் கலவையைவிட வெறும் தண்ணீரே கெட்டிக்காரன். உறைபனிக் கவலையும் உங்களுக்கு இல்லை. குளிர்கால இரவில் பூஜ்யத்தைத் தொடும் ஊட்டியில்கூட 30 சதவீதக் கலவை தாராளமாகப் போதும், அது சுமார் மைனஸ் 15 டிகிரி வரை தாங்கும். உறைபனிக்காக மைனஸ் 37 வரை தாங்கும் பாதிக்குப் பாதி கட்டாயம் என்பது லடாக் போகிறவர்களுக்குத்தான்.

ஆனால் அப்பா ஓட்டிய வண்டியில் இருந்தது வார்ப்பிரும்பு இன்ஜின், செம்பும் பித்தளையும் சேர்ந்த ரேடியேட்டர். இன்றைய காரில் அலுமினிய சிலிண்டர் ஹெட், அலுமினிய ரேடியேட்டர், அதற்குள் மெல்லிய குழாய்கள். ஆழ்துளைக் கிணற்று நீரின் குளோரைடு அலுமினியத்தில் புள்ளிபுள்ளியாகக் குழி போடும். சுண்ணாம்பு குழாய்களின் உள்ளே படிந்து அடைக்கும். கொதிநிலையும் முக்கியம். சுமார் 1 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி சரியாக இருந்தால் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிக்கும், பாதிக்குப் பாதிக் கலவை 128 டிகிரி அளவில் கொதிக்கும். மே மாதம் ஏ.சி. போட்டுக்கொண்டு நெரிசலில் ஊர்ந்து போகும்போது அந்த 8 டிகிரி கைகொடுக்கும்.

ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைந்திருக்கும், அற்றுப்போயிருக்காது. சுவைக்காகக் கொஞ்சம் கிணற்று நீரையே திரும்பக் கலந்துவிடும் அமைப்பும் பல வீட்டுக் கருவிகளில் உண்டு. ஏ.சி. தண்ணீர் சுத்தமாகத் தெரியும், ஆனால் சுருளில் படிந்த தூசியையும் பாசியையும் கழுவிக்கொண்டு வருவது அது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கேட்கவே வேண்டாம், உப்பு அப்படியே தங்கிவிடும். பேட்டரிக்கு ஊற்ற விற்கிறார்களே, அந்த டிஸ்டில்டு வாட்டரை வாங்குங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு.

தண்ணீரே வேண்டாம், அடர் கூலன்டை அப்படியே ஊற்றிவிடுகிறேன் என்று வேறு சிலர் கிளம்புவார்கள். தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரி அளவிலேயே உறையும், வெப்பத்தையும் மோசமாகச் சுமக்கும்.

கூலன்ட் கெட்டுவிட்டதா என்று நானே பார்க்க முடியுமா? (வாசகி, வேலூர்)

காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். ரிசர்வ் டேங்கில் மட்டம் இரு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். துரு நிறம், கலங்கல், மிதக்கும் எண்ணெய்ப் படலம் இவற்றில் எது தெரிந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால், கிளைக்கால் எவ்வளவு என்பது மட்டுமே அதில் தெரிந்தது. அரிப்புத் தடுப்பு தீர்ந்துபோயிருந்தாலும் கருவி அதே எண்ணைத்தான் காட்டும். ஆகவே ஆண்டுக் கணக்கை மறக்காதீர்கள்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதீர்கள். துணி சுற்றிக்கொண்டும் வேண்டாம்.

மாதந்தோறும் 200 மில்லி அளவுக்குக் குறைகிறது. ஒவ்வொரு முறையும் சர்வீஸ் நிலையத்தில் நிரப்பிவிட்டு 1 லிட்டருக்கு பில் போடுகிறார்கள். ‘வெயில் காலம், ஆவியாகத்தான் செய்யும்’ என்கிறார்கள். (வாசகர், கோயம்புத்தூர்)

மூடிய சுற்றுக்குள் ஓடும் திரவம் மாதம் 200 மில்லி ஆவியாகாது. எங்கோ போகிறது. மூடியின் ரப்பர், ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் கசிவுத் துளை ஆகியவற்றில் உலர்ந்த வெள்ளை அல்லது வண்ணக் கறை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முன் இருக்கைக்குக் கீழே விரிப்பு ஈரமாகி இனிப்பான வாடை வந்தால், காருக்குள் சூடு தரும் ஹீட்டர் கோரில் கசிவு. வெளியே எதுவும் தெரியாமல், இன்ஜின் சூடான பின்னும் வெள்ளைப் புகை வந்தால், இன்ஜினுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். கைப்பம்பால் அழுத்தம் கொடுத்துக் கசிவைக் காணும் சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவம் மஞ்சளாக மாறினால் எரிந்த வாயு கூலன்டுக்குள் வருகிறது என்று காட்டும் சோதனையும் இருக்கிறது. இரண்டையும் இப்படி விவரித்துக் கேளுங்கள்.

1 லிட்டருக்குப் பணம் கொடுத்தீர்கள், ஊற்றியது 200 மில்லி. மீதி 800 மில்லி உங்களுடையது, டப்பாவோடு கேட்டு வாங்குங்கள். ‘கூலன்ட் குறைகிறது’ என்ற புகாரை ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் எழுத வையுங்கள். வாரன்டி முடிந்த மறுவாரம் ஹெட் கேஸ்கெட் போனால் உங்களிடம் இருக்கும் சாட்சி அந்தத் தாள்தான். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

ஆண்டுதோறும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். நானே மாற்றலாம் என்று நினைக்கிறேன். (வாசகர், நாகர்கோவில்)

ஆண்டுதோறும் தேவையில்லை, கையேட்டில் உள்ள கிலோமீட்டர், ஆண்டு இரண்டில் முதலில் வருவதைப் பின்பற்றுங்கள்.

மாற்றும்போது பலர் தவறுவது ஓரிடத்தில். ரேடியேட்டரின் அடி அடைப்பானைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடாது, கணிசமான பகுதி இன்ஜினுக்குள்ளேயே தங்கும். டிஸ்டில்டு வாட்டரால் அலசிய பிறகு தங்குவது வெறும் தண்ணீர். அதன்மேல் கலந்த கூலன்டை ஊற்றினால் விகிதம் கெட்டுவிடும். மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்றால் முதலில் 2.5 லிட்டர் அடர் கூலன்டை ஊற்றிவிட்டு, மீதி இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். பின்பு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் விசிறி சுழலும் வரை ஓடவிட்டு, காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். சில மாடல்களில் இதற்கென்று தனித் திருகு உண்டு. இன்ஜின் ஆறியதும் மட்டத்தை மறுபடி பாருங்கள்.

வடித்த பழைய கூலன்டைத் திறந்த வாளியில் வைக்காதீர்கள். இனிக்கும் என்பதால் நாயும் குடிக்கும், குழந்தையும் குடிக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம் அது. யாராவது விழுங்கிவிட்டால் டப்பாவையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள். சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். மூடிய கேனில் வைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கேட்டுப் பாருங்கள்.

மின்சாரக் கார் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லைதானே? (வாசகி, சென்னை)

இருக்கிறது. பல மின்சாரக் கார்களில் பேட்டரியையும் மோட்டாரையும் குளிர்விக்கக் கூலன்ட் ஓடுகிறது. சிலவற்றில் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும் தனி ரகம்தான் ஊற்ற வேண்டும். அதில் குறைந்தால் கடையில் எதுவும் வாங்காமல், நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்கே கொண்டுபோங்கள்.